பாட்டி வாங்கிய பத்து ஏக்கர்

நூறாண்டு வாழ்ந்துவிட்டால் போதும், ஒரு கிழவியைத் தேடி நாடே வந்துவிடும். படம் பிடிப்போர் வருவர். பேட்டி காண்போர் வருவர். "என்ன சாப்பிடுகிறீர்கள் பாட்டி?" என்பார் ஒருவர். "எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?" என்பார் இன்னொருவர். கேட்டதை எழுதிக்கொண்டு போய், "நீண்ட ஆயுளின் இரகசியம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டுவிடுவர்.

கோவை மாவட்டம் தெக்கம்பட்டியில் வாழ்ந்து, 2024 செப்டம்பர் 27-ஆம் நாள் மறைந்த பாப்பம்மாள் பாட்டியாருக்கும் அதுவேதான் நடந்தது. விடியலில் எழுவாராம். வேப்பங்குச்சியால் பல் துலக்குவாராம். காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவாராம். ஆட்டுக்கறி பிரியாணி என்றால் அலாதி விருப்பமாம்! எழுதினார்கள், படித்தோம், மகிழ்ந்தோம். நூறு வயதைத் தாண்டிய மூதாட்டி கஞ்சியும் கசாயமும் கேட்காமல் பிரியாணி கேட்டார் என்றால், அதில் நமக்கும் ஒரு பெருமைதான்!

ஆனால், தோழர்களே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்டவர் மிகச் சிலரே. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த பெண். பின்னால் நிற்கப் பெரிய குடும்பம் இல்லை. பட்டம் இல்லை, பதவி இல்லை, பண்ணையாரின் தயவு இல்லை. அந்தப் பெண் பத்து ஏக்கர் நிலத்தைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கினாரே, அது எப்படி? ஆயுளின் இரகசியத்தைவிட அந்த இரகசியமல்லவா நம் வீட்டுப் பெண்களுக்குத் தேவை!

தேவலாபுரத்தில் பிறந்தவர் அவர். 1914 என்பது ஒரு கணக்கு. பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட 2021-இல் அவருக்கு வயது 105 என்றனர். மறைந்தபோது பத்திரிகைகள் ஆளுக்கொரு வயது போட்டன. வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண் குழந்தை பிறந்தால் நாளும் நாழிகையும் குறித்து ஜாதகம் எழுதிய நாட்டில், பெண் குழந்தை பிறந்த தேதியை ஏட்டில் எழுதி வைக்க யார் மெனக்கெட்டார்? "பஞ்சத்துக்கு முந்தின வருஷம்", "மழை பெய்த வருஷம்" என்றுதான் நம் பாட்டிமாரின் பிறந்தநாள்கள் இருந்தன.

பெற்றோர் மறைந்த பின், இரண்டு சகோதரிகளோடு அவரும் பாட்டியின் பொறுப்பில் தெக்கம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். ஆக, இந்தப் பாட்டியின் கதையே இன்னொரு பாட்டியிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்த மூதாட்டியின் படம் எந்த ஏட்டிலும் வரவில்லை. எந்த மேடையிலும் மாலை விழவில்லை. தாயற்ற மூன்று குழந்தைகளைக் கரைசேர்த்த கை அது.

தெக்கம்பட்டியை அறியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்துக்கு அருகில், நீலகிரி மலையின் அடிவாரத்தில், பவானி ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்தது. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தப் பக்கம் பழக்கப்பட்டிருக்கும். கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்ததும் அங்கேதான். வாழையும் பாக்கும் கறிவேப்பிலையும் விளைகிற மண். ஊட்டிக்குப் போகிறவன் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிற அந்த வட்டாரத்தில்தான், ஒரு பெண் தன் கையை ஊன்றி எழுந்தார்.

பாட்டி நடத்திய சிறு மளிகைக் கடை, பாட்டிக்குப் பின் இவர் கைக்கு வந்தது. இன்றைய இளைஞர்களுக்குக் கிராமத்து மளிகைக் கடை என்றால் என்னவென்று சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய், வெல்லம், வெற்றிலை. அளப்பதற்குப் படியும் வள்ளமும். நிறுப்பதற்குப் பலமும் வீசையும். எண்ணுவதற்கு ரூபாய், அணா, பைசா. பத்துப் பத்தாக எண்ணும் நயா பைசா வந்ததே 1957-இல்தான். அதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு பைசா. அரை வீசை வெல்லம் கேட்பவனுக்கு அதைப் பலத்தில் மாற்றி, அணாவில் பெருக்கி, பழைய பாக்கியையும் கூட்டிச் சொல்ல வேண்டும், அதுவும் வாயாலேயே! இதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பட்டம் கொடுத்தார்கள்?

கணக்குக்கூடப் பெரிதில்லை. கிராமத்துக் கடை பற்றில் ஓடுவது. அறுப்பு முடிந்தால் பணம், மழை பொய்த்தால் பாக்கி. யாருக்குக் கடன் கொடுப்பது, யாரிடம் இப்போது கேட்கக் கூடாது, யாரிடம் கண்டிப்பாகக் கேட்டே தீர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவரால்தான் கல்லாப்பெட்டியைக் காப்பாற்ற முடியும். மனம் இளகினால் கடை மூழ்கும். மனம் இறுகினால் ஊர் பகையாகும். இரண்டுக்கும் நடுவே கடையை நடத்தியவர் ஓர் இளம்பெண்!

மளிகைக் கடையோடு அவர் நிற்கவில்லை. ஓர் உணவுக் கடையும் தொடங்கினார். பெண் சமைத்தால் அது கடமை, ஆண் சமைத்தால் அது தொழில் என்று வகுத்துவைத்த சமுதாயம் இது. வீட்டு அடுப்பில் வெந்த பெண்ணுக்கு விலை கிடையாது, கூலி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூடக் கிடையாது. அதே அடுப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தால்? அதே கை, அதே விறகு, அதே புகை. இப்போது அது வருமானம்! அந்த வருமானம் யார் கையில் விழுகிறது என்பதுதான் முக்கியம். கடைக்காரப் பெண்ணின் காசு அவர் முந்தானையில் விழுந்தது. அதை என்ன செய்வது என்று அவரே முடிவு செய்தார்.

நகையாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. நிலமாக்கினார். கடையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் வாங்கினார். மக்காச்சோளம், பயறு வகைகள், காய்கறி, பழம் என்று பயிரிட்டார்.

ஆலைத் தொழிலாளத் தோழர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். நம்மில் பலருக்கு மாதச் சம்பளம் தெரியும்; போனஸ் தெரியும்; வைப்பு நிதி தெரியும். நிலத்தின் மதிப்பு நம் தாய்மாருக்குத்தான் தெரிந்தது. ஆலைக் கதவு மூடிக் கிடந்த மாதங்களில், ஊரிலிருந்து சோள மூட்டையும் கொள்ளுப் பையும் பேருந்தில் வந்து இறங்கியது எத்தனை குடும்பங்களுக்கு நினைவிருக்கும்! அந்தத் தானியத்தை விளைவித்தது பெரும்பாலும் பெண்ணின் கை. ஆனால் அந்தக் காடு எழுதியிருந்தது அவள் பெயரிலா?

பெண்ணும் நிலமும் பற்றிய சட்டத்தின் கதை நீண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சொத்தில் பெண்ணுக்கு ஆணோடு சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பாப்பம்மாள் அப்போது பதின்வயதுப் பெண். தீர்மானத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, சீறியவர்களும் உண்டு. 1937-இல் விதவைக்கு ஏதோ கொஞ்சம் உரிமை வந்தது. அதுவும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்ற நிபந்தனையோடு. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் தானாகத் தேடிய சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது. நல்லது! ஆனால் மூதாதையர் சொத்து? கூட்டுக் குடும்பத்து நிலம்? அதில் பிறப்பினாலேயே பங்காளியாகும் உரிமை மகனுக்கு மட்டுமே இருந்தது. கிராமத்தில் நிலம் என்பதே பெரும்பாலும் பாட்டன் பூட்டன் நிலம். ஆகவே சட்டம் கையில் கொடுத்ததை வழக்கம் பையில் போட்டுக்கொண்டது.

1989-இல்தான், கலைஞர் ஆட்சியில், தமிழ்நாட்டில் மகளும் பங்காளி என்று சட்டம் திருத்தப்பட்டது. அப்போதுகூட, அதற்கு முன்பே திருமணமாகிப் போன மகள்களுக்கு அந்த உரிமை எட்டவில்லை. இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005-இல். செங்கற்பட்டிலிருந்து தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர 60 ஆண்டு! டெல்லிக்குப் போய்ச் சேர இன்னும் 16 ஆண்டு! நம் ரயில்கள் தாமதம் என்று குறை சொல்கிறோம்.

இந்தக் கதையைத் தெக்கம்பட்டியோடு சேர்த்துப் பாருங்கள். தகப்பன் சொத்தில் பங்கு கேட்கும் நிலையில் பாப்பம்மாள் இல்லை; தகப்பனே இல்லை. சட்டம் வரும் என்று அவர் காத்திருந்தால் கிழவியாகும்வரை காத்திருந்திருப்பார். பங்கு கேட்டுப் பெற வழியில்லாத பெண், படியளந்து, சோறாக்கி, காசு சேர்த்து, விலை கொடுத்து வாங்கினார். பத்து ஏக்கரும் அவர் உழைப்பின் விலை.

நிலத்தை வாங்கியவர், குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. தாமே இறங்கிப் பாடுபட்டார். அதைவிடவும் நான் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு அவர் கொண்ட தொடர்பு. அங்கே நடந்த உழவர் விவாதக் குழுவில் முன்னின்றவர் அவர். விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டார். கேட்டதைக் கேள்வி கேட்டார். தோட்டத்தில் செய்து பார்த்தார். பிற்காலத்தில் இயற்கை முறை உழவை மேற்கொண்டதும் அப்படித்தான். இப்போது சிலர் அவரைப் பழமையின் சின்னமாக, பாரம்பரியத்தின் பதுமையாக ஆக்கப் பார்க்கிறார்கள். "அந்தக் காலத்து மனுஷி, அந்தக் காலத்து முறை" என்கிறார்கள். இல்லை, ஐயா, இல்லை! பழமைப்படி நடந்திருந்தால் அவர் கடையே வைத்திருக்க முடியாது. பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க முடியாது. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று உரம் பற்றியும் விதை பற்றியும் பேசியிருக்க முடியாது. கற்றுக்கொண்டே இருந்த மாணவி அவர். நூறு வயதிலும் மாணவி.

முதுமை ஏற ஏற, நிலத்தைக் குறைத்துக்கொண்டார். இறுதிக் காலத்தில் அவர் உழுதது இரண்டரை ஏக்கர். அதையும் விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்று சொல்பவர்கள் எந்தக் குடும்பத்திலும் இருப்பார்கள். கிழவி கேட்டால்தானே! 2021-இல் விருது அறிவிக்கப்பட்டபோதும் அவர் வேலை செய்கிற உழவராகவே இருந்தார்.

நிலத்தில் காலூன்றியவர் பொதுவாழ்விலும் காலூன்றினார். 1959-இல் தெக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது 1996-இல். அதற்கு 37 ஆண்டு முன்பே இந்த அம்மையார் அங்கே போய் அமர்ந்துவிட்டார்! அதற்கும் வெகுநாள் முன்பல்ல, 1952-இல்தான் சொத்தில்லாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் சேர்த்து எல்லோருக்கும் வாக்குரிமையோடு பொதுத் தேர்தல் நடந்தது. ஏழே ஆண்டில், வாக்குப் போட வந்த பெண் வாக்குக் கேட்கவும் வந்துவிட்டார்.

திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க கால உறுப்பினர் அவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றவர். அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது மாணவர்களைச் சொல்வோம், தீக்குளித்த தீரர்களைச் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடையைச் சாத்திவிட்டு, களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வந்த ஊர்ப்புறத்துப் பெண்களை எத்தனை மேடையில் சொன்னோம்? 1938-லேயே திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். அந்த ஆண்டு நவம்பரில் டாக்டர் தருமாம்பாள் முதலிய தாய்மார்கள் மறியல் செய்து சிறை சென்றனர். அந்த வரிசையின் கிராமத்துக் கிளை தெக்கம்பட்டியிலும் இருந்தது.

2021 பிப்ரவரி 25-ஆம் நாள் பிரதமர் மோடி கோவைக்கு வந்தார். பாப்பம்மாள் பாட்டியைச் சந்தித்தார், வணங்கினார், படம் நாடெங்கும் பரவியது. வணங்கட்டும், முதுமையை வணங்குவது நல்ல பண்பு. ஆனால் அந்த வேளையில் டெல்லி எல்லையில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உழவர்கள் குளிரில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பஞ்சாபின், அரியானாவின் பாட்டிமார்களும் அங்கே இருந்தார்கள். அவர்களும் உழவர்கள்தாம், அவர்களுக்கும் வயது எழுபது, எண்பது. அந்தச் சட்டங்கள் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன.

2024 செப்டம்பர் 17-ஆம் நாள், கழகத்தின் பவள விழா ஆண்டு முப்பெரும் விழாவில், பெரியார் விருது பாப்பம்மாள் பாட்டியாருக்கு அறிவிக்கப்பட்டு வழங்கப்பட்டது. விருதுகள் எத்தனையோ உண்டு. பெண்ணுக்குச் சொத்து வேண்டும், சம்பாத்தியம் வேண்டும், அடிமை வாழ்வு கூடாது என்று ஆயுள் முழுதும் சொன்னவரின் பெயரால், அதைச் சொல்லாமல் செய்து காட்டிய ஒரு பெண்ணுக்கு விருது! அதற்கடுத்த பத்தாம் நாள் அவர் மறைந்தார்.

சரி, தோழர்களே, பாட்டியாரைப் போற்றிவிட்டோம். இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் உழைக்கும் பெண்களில் 100-க்கு 65 பேர் சொந்தச் சாகுபடியிலோ விவசாயக் கூலியிலோ இருந்தார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை 100-க்கு 14 அளவே! நாற்று நட அவள், களை எடுக்க அவள், மாட்டுக்குத் தீவனம் வைக்க அவள். பட்டாவில் மட்டும் அவன்! இதில் என்ன கெட்டுப்போயிற்று, குடும்பச் சொத்துத்தானே என்பார்கள். என்ன கெட்டுப்போயிற்று என்று சொல்கிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த உழவர் உதவித் தொகை, நிலம் பெயரில் இருப்பவருக்கே. வெள்ளம் வந்தால், வறட்சி வந்தால், நிவாரணத்துக்கும் காகிதத்தில் பெயர் வேண்டும். புருஷன் இருக்கும்வரை எல்லாம் ஓடும். அவன் கண்மூடிய மறுவாரம் அந்தப் பெண் தாலுகா அலுவலகப் படியில் நிற்பாள். வாரிசுச் சான்று வாங்க வேண்டும். மைத்துனன்மார் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டா மாற்ற வேண்டும். முப்பது ஆண்டு உழுத நிலத்துக்கு அவள் உழவர் என்று நிரூபிக்க, உழாதவன் ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும்!

அரசின் பக்கத்தில் சில வாசல்கள் திறக்கப்பட்டன. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க மானியம் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் தமிழ்நாட்டில் 2023-இல் வந்தது. பத்து இலட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சலுகை தரப்பட்டது. வாசல் திறந்தும் உள்ளே போகாவிட்டால் யாரை நோவது? பதிவு அலுவலகத்துக்கு இனிப்போடு போகிற நம் தோழர், பத்திரத்தில் தன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, மனைவியைச் சாட்சியாகக்கூடக் கூட்டிப் போகாமல் வருவதை நான் கண்டிருக்கிறேன். மேடையில் பெண்ணுரிமை பற்றி முழங்குகிறவரும் அவரேதான்!

ஊராட்சியிலும் அதே கூத்து. பலகையில் "தலைவர்" என்று அம்மையார் பெயர் பளபளக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பது அவர் கணவர். கூட்டத்துக்கு வருபவர் அவர். ஒப்பந்தக்காரரோடு பேசுபவர் அவர். அம்மையார் வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருப்பார். எல்லாக் கட்சியிலும் உண்டு இந்த நோய். நம்மிடம் இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானங்கள் முடிந்த பிறகு, ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். வந்திருக்கும் ஒவ்வொரு தோழரிடமும் கேளுங்கள்: வீட்டுமனை யார் பெயரில்? காடு யார் பெயரில்? ஒருபக்கம் ஆண் பெயர், ஒருபக்கம் பெண் பெயர். கூட்டுப் பட்டா என்றால் இரண்டு பக்கமும். எழுதி முடித்ததும் கூட்டிப் பார்த்து, வந்த எண்ணைக் கிளை அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஓராண்டு கழித்து, அதே தாளை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போங்கள். இந்த முறை கேள்வியைத் தோழரிடம் கேட்க வேண்டாம். வீட்டிலிருக்கும் அம்மையாரிடம் கேளுங்கள்.